கல்லைத் தள்ளுவதற்கு முன் ஒரு மாநாடு

கர்லிங் என்றால் பனித்தரையில் கல்லைத் தள்ளி, அதன் பாதையைத் துடைப்பத்தால் தேய்த்து, வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம். அதன் வார இறுதிப் போட்டியில் விளையாடுவதைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. விடியற்காலையில் ஓர் ஆட்டம், அடுத்தது இரவில். நடுவில் நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. அட்டவணை போடுகிறவர் எப்போதாவது துடைப்பம் பிடித்திருப்பாரா என்றே சந்தேகம்.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்த எதிரணி ஸ்கிப்பை, அதாவது கேப்டனை, என்ன செய்வது? ஒவ்வொரு கல்லுக்கும் வட்டத்தைச் சுற்றி வருகிறார், குனிகிறார், நிமிர்கிறார், தன் ஆளைக் கூப்பிட்டு மாநாடு போடுகிறார். ஓர் எண்டுக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, அணிக்கு 8 கல், இரண்டு அணிக்கும் 16. எட்டு எண்டு ஆடினால் 128 கல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! ஒலிம்பிக்கில் யோசிக்கும் நேரத்துக்குக் கடிகாரம் ஓடும். இங்கே யார் கேட்பது?

பனியைத் தேய்த்துத் தேய்த்து வியர்த்த நாங்கள் அதற்குள் குளிரில் விறைத்துப் போகிறோம். இவ்வளவு யோசித்துத் தள்ளிய கல்லாவது ஒழுங்காகப் போகிறதா? வட்டத்துக்கு முன்னால் இருக்கும் ஹாக் கோட்டைக்கூடத் தாண்டாமல் நின்றுவிடுகிறது. தாண்டாத கல்லை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் அடுத்த கல்லுக்கு மறுபடியும் மாநாடு.

இதில் அடுத்த அணிகளின் ஆட்டம் தாமதமானால் முறைப்பு மட்டும் எங்கள் பக்கம்!