ஜவ்வு கிழிந்த பையனிடம் தத்துவம் பேசாதீர்கள்

மே மாத ஃபுட்பால் டோர்னமெண்டுகள் முடிந்த கையோடு கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஜவ்வு கிழிந்து முட்டியில் பிரேஸ் மாட்டிய பையன்கள் கண்ணில் படுவார்கள். பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டு: "எல்லாம் நல்லதுக்குத்தான் தம்பி, முன்னைவிடப் பலமா வருவே." கூடவே மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் கதை. 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் சீன வீராங்கனையோடு மோதும்போது முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே சீன வீராங்கனையைத் தோற்கடித்துத் தங்கமும் வாங்கினார். உண்மைதான். நடுவில் இருந்த ஆபரேஷனையும் மாதக்கணக்கான பயிற்சியையும் மட்டும் யாரும் சொல்வதில்லை.

காயம் தானாக யாரையும் பக்குவப்படுத்தாது என்பது என் கட்சி. பெரிய அடிக்குப் பிறகான மன வளர்ச்சியை அளக்க 1996-இல் டெடெஸ்கி, கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 21 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். உறவுகள், புதிய வழிகள், தன் பலம், ஆன்மிகம், வாழ்க்கையின் அருமை என ஐந்து பகுதிகள். வளர்ச்சி அடியிலிருந்து வருவதில்லை, அடியோடு மல்லுக்கட்டுவதிலிருந்து வருகிறது என்றும், வந்தாலும் வேதனை கூடவே இருக்கும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அந்த ஐந்தில் 'மீண்டும் மேட்ச் ஆடினான்' என்று ஒன்று இல்லை, கவனியுங்கள்.

மல்லுக்கட்டு எங்கே தொடங்குகிறது? தலையணையில். ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு) ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முட்டிக்கு அடியில் தலையணை வைத்து விடுகிறோம், பையனுக்கு இதமாக இருக்குமே என்று. முதல் இரண்டு வாரத்தில் முக்கியமான வேலை முட்டியை முழுசாக நீட்ட வைப்பது. மடங்கியே கிடந்தால் கடைசிச் சில டிகிரி நீளாமல் இறுகிவிடும், அப்புறம் நொண்டல் நிரந்தரம். சுருட்டிய துண்டை குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் ஒன்றும் வேண்டாம். ஒரு தடவைக்கு 10 நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை. வலிக்கும். தைலம் போட்டு உருவி விடுகிற ஆட்களை, எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மலையில் இன்னொரு சிக்கல். இங்கே சமதளம் என்பதே பஸ் ஸ்டாண்டும் ஸ்டேடியமும்தான். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டிக்குக் கஷ்டம், தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருப்பதால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பிசியோ நடக்கச் சொன்ன பிறகும் கொஞ்ச காலத்துக்கு மேட்டில் நடந்து ஏறி, இறங்குவதற்கு பஸ் பிடிப்பது நல்லது. ஊட்டியிலிருந்து கோவைக்கு பிசியோவைப் பார்க்கப் போகிறவர்கள் காலை நீட்ட இடமுள்ள சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் முட்டி மடங்கி உட்கார்ந்தால் போன காரியம் பாதி வீண்.

பெரிய ஆபத்து 6 முதல் 12 வாரம். வலி போயிருக்கும், வீக்கம் வற்றியிருக்கும், உள்ளே வைத்த புது ஜவ்வு அப்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கும். சாயங்காலம் கிரவுண்டுப் பக்கம் போனவன் "சும்மா கோல் கீப்பரா நிக்கிறேன்" என்பான். விடாதீர்கள். 9 மாதத்துக்கு முன் மேட்ச் கூடாது. அதுவரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக 2016-இல் வந்த நார்வே ஆய்வு சொல்கிறது.

மாதம் மட்டும் போதாது. ஒற்றைக் காலில் முன்னோக்கித் தாண்டி டேப்பில் அளக்க வேண்டும். மூன்று முயற்சி, நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு. சும்மா இருந்த மாதங்களில் நல்ல காலும் தேய்ந்திருக்கும். முன்பு 150 செ.மீ. தாண்டிய கால் இப்போது 120 தாண்டினால், மற்றது 108 தாண்டியே பாஸ் ஆகிவிடும். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே பிசியோ முன்னிலையில் நல்ல காலை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். பயத்தையும் அளக்கலாம், அதற்கென்றே 12 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. கால் தேறியும் மனசு தேறாதவன் டாக்கிளுக்குப் போகும்போது தயங்குவான்.

இந்த 9 மாதம் பையனை வீட்டில் போட்டுவிட்டு டீம் மறந்துவிடுவதுதான் எனக்கு ஆத்திரம். காயம் படாமல் தடுக்க ஃபிஃபா 11+ என்ற வார்ம் அப் இருக்கிறதே, 15 பயிற்சி, 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது. செலவே இல்லை. சின்னப் பையன்களுக்கு அதை நடத்தும் வேலையை அவனிடம் கொடுங்கள். தாண்டி இறங்கும்போது யாருக்கு முட்டி உள்பக்கம் சாய்கிறது என்று மொபைலில் எடுத்துக் காட்டட்டும். மற்றவர் முட்டியைக் கவனிக்கத் தெரிந்தவன் ரெஃப்ரியாகவோ கோச்சாகவோ பிசியோவாகவோ போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்தக் கதவாவது திறந்திருக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். ஏசிஎல் கிழியும் வாய்ப்பு அவர்களுக்கு ஆண்களைவிட அதிகம், ஆனால் அடிபட்டதும் ஷூவைப் பரணில் ஏற்றிவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணத்தில் பேச்சு வருமாம். கோச்சுகள் வீட்டுக்கே போய்ப் பேச வேண்டும். வெறுங்கையோடு போகாதீர்கள். எந்த மாதம் ஓட்டம், எந்த மாதம் பந்து, கோவைக்கு எத்தனை நடை, பஸ்ஸுக்கும் பிசியோவுக்கும் என்ன செலவு, அதில் கிளப் எவ்வளவு போடும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.