செயற்கைக்கோள் படத்தோடு அதன் இடமும் வர வேண்டும்

செயற்கைக்கோள் படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டால் மட்டும் அது திறந்த தரவாகிவிடாது. படத்தின் ஒவ்வொரு பிக்சலும் பூமியில் எந்த இடம் என்று கணக்கிடத் தேவையான எல்லாமே அந்தக் கோப்புக்குள் இருக்க வேண்டும். அதுவும் எல்லா மென்பொருளுக்கும் புரிகிற பொதுப் பெயர்களில் இருக்க வேண்டும். "கையேட்டில் போட்டிருக்கிறோமே", "எங்கள் மென்பொருளில் திறந்தால் சரியாக வருமே" என்பதெல்லாம் எனக்குப் பதிலாகவே படவில்லை.

வானிலைப் படம் எடுக்கும் புவிநிலைச் செயற்கைக்கோளைப் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். அது அட்சரேகை, தீர்க்கரேகைப்படி படம் எடுப்பதில்லை. கருவி எந்தக் கோணத்தில் பார்த்தது என்பதுதான் அதற்குத் தெரியும். அந்தக் கோணத்தைத் தரையில் ஓர் இடமாக மாற்ற வேண்டுமானால் உயரம், நடுத் தீர்க்கரேகை, பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட, துருவங்களில் சற்றுத் தட்டையான நீள்கோளத்தின் அளவு, கோணத்தின் அலகு என்று வரிசையாகச் சில விவரங்கள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மீதியை ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும்.

அமெரிக்காவின் கோஸ்-16 என்ற புவிநிலைச் செயற்கைக்கோளின் கோப்பைத் திறந்தால், பிக்சலுக்கு 2 கிலோமீட்டர் வீதம் பூமியின் வட்டு முழுவதும் தெரியும் படம் 5424-க்கு 5424 பிக்சல். கிடைமட்ட ஆயத்தொலைவு -0.151844-இல் தொடங்கி 0.151844-இல் முடியும். இதன் அலகு ரேடியன், அதாவது கோணத்தின் அளவு. இதை மீட்டர் என்று ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டால் வட, தென் அமெரிக்கா இரண்டும் சேர்ந்து அமேசான் காட்டுக்குள் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் போய் உட்கார்ந்துவிடும். வரைபடத்தில் போட்ட உடனேயே அந்தப் பிழை தெரிந்துவிடும் என்பதால் அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அதே 0.151844 கடைசிப் பிக்சலின் நடுப்புள்ளி. அதன் ஓரம் 0.151872. நடுவை ஓரம் என்று நினைத்து ஜியோடிஃப் என்ற, இட விவரத்தோடு வரும் படக் கோப்பாக ஆக்கினால் படம் முழுக்க அரைப் பிக்சல், அதாவது ஒரு கிலோமீட்டர் நகரும். அது யார் கண்ணிலும் படாது.

அதே கோப்பில் இரண்டு தீர்க்கரேகைகள் வேறு உண்டு. செயற்கைக்கோள் நின்ற இடம் மேற்கே 75.2 டிகிரி. படத்தை வரைந்திருப்பதோ 75.0 டிகிரியில் நிற்பதாக வைத்து. முதல் எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டால் பூமத்திய ரேகையில் 22 கிலோமீட்டர் தள்ளிப் போகும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துக் கோப்பிலேயே எழுதியிருப்பதால்தான் குழப்பமில்லாமல் பிழைக்கிறோம்.

என்னை அதிகம் உறுத்துவது ஸ்வீப் ஆங்கிள் ஆக்ஸிஸ் என்ற விவரத்தில் வரும் ஒரே ஓர் எழுத்து. கருவியின் பார்வை இரண்டு அச்சுகளில் திரும்புகிறது; எந்த வரிசையில் என்பதை அந்த எழுத்து சொல்லும். முதலில் பக்கவாட்டில் திரும்பி அப்புறம் நிமிர்வதும், முதலில் நிமிர்ந்து அப்புறம் திரும்புவதும் ஒரே புள்ளியில் போய் நிற்காது. கோஸ் வரிசைக்கு இந்த அச்சு எக்ஸ். ஐரோப்பாவின் மீட்டியோசாட்டுக்கும் ஜப்பானின் ஹிமாவரிக்கும் ஒய். ஆயத்தொலைவுகளை மாற்றித் தரும் ப்ரோஜ் என்ற மென்பொருள் நூலகத்தில் எதுவும் சொல்லாவிட்டால் ஒய் என்று எடுத்துக்கொள்ளும். கோஸுக்கு எழுதிய நிரலில் உயரத்தையும் தீர்க்கரேகையையும் மட்டும் மாற்றி ஹிமாவரிக்கு ஓட்டுகிற ஒருவருக்கு என்ன ஆகும்? ஹிமாவரியின் நடுத் தீர்க்கரேகை கிழக்கே 140.7 டிகிரி. பூமத்திய ரேகையிலும் நடுத் தீர்க்கரேகையிலும் இரண்டு முறைக்கும் வித்தியாசமே வராது. டோக்கியோ அந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஜப்பான் கடற்கரையை வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். சென்னையோ அங்கிருந்து மேற்கே 60 டிகிரி தள்ளி, வட்டின் ஓரத்தை ஒட்டி இருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில் இங்கே பிழை தெற்கே பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. கிண்டிக்கு மேலே இருப்பதைத் தாம்பரத்துக்கு மேலே இருப்பதாகக் காட்டும்.

"ஓரத்தில் மேகத்தின் உயரத்தாலேயே அதைவிடப் பெரிய பிழை வருமே, இதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா?" என்று கேட்கலாம். வரும், மறுக்கவில்லை. ஆனால் அது இயற்கையில் உள்ள விலகல். மேகத்தின் உயரம் தெரிந்தால் கணக்குப் போட்டுத் திருத்திவிடலாம். அதற்கு அடியில் யாருக்கும் தெரியாத இன்னொரு விலகல் ஒளிந்திருந்தால் அந்தத் திருத்தமும் தப்பாகிவிடும்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அட்டவணையையே கொடுத்துவிட்டால் இந்த வம்பே இல்லையே என்பார்கள். துருவங்களைச் சுற்றி வரும் செயற்கைக்கோள்களுக்கு அதுதான் வழி, அங்கே சரி. கோஸ் மாதிரியான படத்தில் கிட்டத்தட்ட 2.94 கோடி பிக்சல்கள். அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் ஆளுக்கு நான்கு பைட் வைத்தாலும் இடத்தைச் சொல்ல மட்டும் 235 மெகாபைட் போய்விடும். நான்கு மூலையிலும் விண்வெளிதான் தெரிவதால் அங்கெல்லாம் வெற்று மதிப்புகள் இருக்கும். வரைபடம் போடும் நிரல்கள் பல அங்கே தடுமாறும். பத்து வரி உரையில் துல்லியமாகச் சொல்லக்கூடிய விஷயம் இது.

அந்தப் பத்து வரிக்கான பொதுப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நெட்சிடிஎஃப் என்ற அறிவியல் தரவுக் கோப்புகளில் பெயர்களையும் அலகுகளையும் வகுத்துச் சொல்லும் சிஎஃப் விதித்தொகுப்பின் முதல் பதிப்பு 2003-இல் வந்தது. புவிநிலை ப்ரொஜெக்‌ஷன் எனப்படும், பார்வைக் கோணத்தை இடமாக மாற்றும் கணக்குமுறை அதில் இடம்பெற்றது 2017-இல் வந்த 1.7 பதிப்பில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் போனதில் ஆச்சரியமில்லை. பழைய மீட்டியோசாட் கணக்குகளில் பூமியின் துருவ ஆரம் 6356.5838 கிலோமீட்டர். இன்று எல்லோரும் எடுத்துக்கொள்வது 6356.7523. 3 கிலோமீட்டர் பிக்சல் காலத்தில் இந்த 170 மீட்டர் யாருக்கும் பொருட்டில்லை. பிக்சல் அரைக் கிலோமீட்டருக்கு வந்துவிட்ட பிறகும் அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கோப்பில் எழுதும் ஒரு பண்புக்கு என்ன பெயர் வைப்பது, எந்த அலகு என்று மாதக்கணக்கில் விவாதித்து முடிவுக்கு வருகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் செய்துவைத்ததைப் பயன்படுத்தாமல் புதிதாக ஒரு பண்புப் பெயரைக் கண்டுபிடிக்கும் கோப்பைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அப்படிப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் உலகத்தில் எங்கோ ஒருவர் உட்கார்ந்து அதைப் படிக்கும் நிரலாகத் தனியாக ஒரு ரீடர் எழுத வேண்டியிருக்கிறது. அவர் எழுதி முடிக்கும்வரை அந்தத் தரவு பூட்டிக் கிடக்கிறது.

தரவு வெளியிடும் நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வெளியிடும் முன் உங்கள் சொந்த மென்பொருளை மூடிவைத்துவிட்டு, கோப்பைப் பொதுவான ஒரு கருவியில் திறந்து, கடற்கரைக் கோட்டை மேலே போட்டுப் பாருங்கள். நடுவில் பார்க்காதீர்கள், வட்டின் ஓரத்தில், மூலைவாட்டத்தில் பாருங்கள்.

தரவை வாங்கி வெட்டிப் பகிர்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு. எக்ஸ்அரே என்ற பைத்தான் நூலகத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் எடுத்துப் புதுக் கோப்பாகச் சேமித்தால், பக்கத்தில் தனி மாறியாக இருக்கும் ப்ரொஜெக்‌ஷன் விவரம் பெரும்பாலும் கழன்று விழுந்துவிடும். கோப்பைத் திறக்கும்போதே டிகோட் கோஆர்ட்ஸ் என்ற இடத்தில் ஆல் என்று கொடுத்தால் அது கூடவே வரும். கல்லூரி ஆய்வுக்கு இன்சாட் தரவை வெட்டி நண்பர்களுக்கு அனுப்புகிற தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் பாருங்கள். இன்சாட்-3டி வேலை செய்தது கிழக்கே 82 டிகிரியில், 3டிஆர் 74 டிகிரியில். அந்த ஒரு வரி இல்லாமல் கோப்பு கைமாறினால் அடுத்தவர் எந்த எண்ணைப் போடுவார்?