மனநல ஓ.பி.க்குப் போனால் பிடித்துவைத்துவிடுவார்களா?

"அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஒருமுறை சீட்டுப் போட்டாலே பைத்தியம் என்று பதிவாகிவிடும், கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள், ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது பொய். இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

மாவட்ட மனநலத் திட்டக் குழு, தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குமே குறிப்பிட்ட நாட்களில் வருகிறது. முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான்: தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, சாகலாம் என்று தோன்றுகிறதா? தைராய்டு கோளாறும் மனச்சோர்வு போலவே தெரியும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தரலாம். மனச்சோர்வு மாத்திரை மறுநாளே கேட்காது. 2 முதல் 4 வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் அது ஆயுசு மாத்திரை அல்ல.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று சொல்லிவிட முடியாது. அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். சம்மதமின்றிச் சேர்ப்பது, உயிருக்கு ஆபத்து போன்ற கடுமையான நிலையில் மட்டுமே. அதற்கும் மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். முதலில் 30 நாள் வரைதான்.

கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும், கவுன்சிலிங்குக்கு நேரம் போதாமல் போகலாம். அந்தக் குறை உண்மை. நள்ளிரவில் தாங்க முடியவில்லையென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.