ட்ரோன் ஓட்டுற பையனும் பட்டாளமும்

நேத்து சாயங்காலம் பகாவ் டவுன்ல டீ குடிக்கும்போது எங்க டாமான் (குடியிருப்பு) பையன் ஒருத்தன் பேசிட்டு இருந்தான், வயசு 22, செம்பனைக் காட்டுல ட்ரோன் விட்டு மருந்தடிக்கிற வேலை. காத்து எந்தப் பக்கம் அடிச்சா எப்படித் திருப்பணும், பேட்டரி இன்னும் எத்தன நிமிஷம் தாங்கும்னு அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம் தாங்கல. "தம்பி, பட்டாளத்துக்கு எழுதிப் போட்டுப் பாரேன்"னேன். "நம்மள எல்லாம் எடுப்பாங்களா அண்ணே?"ன்னான். ராத்திரி பூரா அந்தக் கேள்விதான் மனசுல.

நம்ம மலேசியா நாட்டுப் பட்டாளம் மாறிக்கிட்டேதான் வந்திருக்கு. 1933 மார்ச் 1ஆம் தேதி போர்ட்டிக்சன்ல 25 மலாய் இளைஞர்களோட ஆரம்பிச்சது, அந்த மலாய் ரெஜிமென்ட் இன்னிக்கும் மலாய்க்காரங்களுக்கு மட்டும்தான், ஆனா ரேஞ்சர், கவசப்படை, சிக்னல், எஞ்சினியர் இதெல்லாம் எல்லா இனத்துக்கும் பொது. இது நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. 1948ல அவசரகாலம் வந்தப்ப தோட்டத்துல பால்வெட்டப் போறவங்க சோத்துப் பொட்டலம்கூட எடுத்துட்டுப் போகக் கூடாதாம், காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்குப் போயிடும்னு சோதனை போடுவாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். கம்யூனிஸ்டுங்களோட கடைசி சமாதான ஒப்பந்தம் தாய்லாந்து ஹட்யாய்ல கையெழுத்தானது 1989 டிசம்பர்ல, அதுவரைக்கும் பட்டாளத்துக்குக் காட்டுச் சண்டைதான் பெரிய வேலை. நாலே வருஷத்துல, 1993ல, சோமாலியாவுல மொகாடிஷுவுல மாட்டிக்கிட்ட அமெரிக்க வீரர்கள மீட்க நம்ம காண்டோர் கவச வண்டிங்க போச்சு, நம்ம வீரர் ஒருத்தர் அங்க உயிரையே குடுத்தார். பிறகு போலந்துல இருந்து 48 டாங்கி, கெமாஸ் கேம்ப்ல அதுங்க நிக்கிறது நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். 257 கெம்பித்தா கவச வண்டிக்கு ஒப்பந்தம் போட்டு பெக்கான்லயே செஞ்சாங்க. இப்ப விமானப்படைக்கு துருக்கியில இருந்து 3 அங்கா ட்ரோன்.

இவ்வளவு மாத்தினவங்க ஆள் தேடுற விதத்த ஏன் மாத்தல? முன்னல்லாம் தோட்டத்துல ஒருத்தன் சேர்ந்தா லயம் (தோட்டத்து வரிசை வீடுங்க) பூரா தெரியும், அவன் லீவுல வந்து நின்னாலே போதும், தம்பிமாருக்கு ஆசை வந்துடும். இப்ப தோட்டம் ஏது? லயத்த இடிச்சாச்சு, காட்டுல வேல செய்யறவங்க பெரும்பாலும் வெளிநாட்டுக்காரங்க, நம்ம பிள்ளைங்க டாமான்லயும் பிளாட்லயும் சிதறிக் கிடக்குறாங்க, பேக்டரி வேல, கிராப் வண்டின்னு ஓடுறாங்க, அவங்ககிட்ட வந்து பேச யாருமில்ல.

எங்க மாமா 1982ல சேர்ந்தாரு, கவச வண்டி பட்டறையில மெக்கானிக். "பயிற்சி கஷ்டமா மாமா"ன்னு கேட்டா, "விடியறதுக்கு முன்னாடி அப்பாகூடப் பெரட்டுக் களத்துல நின்னவனுக்கு என்னடா கஷ்டம்"பாரு. பெரட்டுன்னா தோட்டத்துல காலைல வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறது, அந்த வார்த்தையே பரேடுல இருந்து வந்ததுதானே. தீபாவளிக்கு அவரோட மலாய், சரவாக் ஈபான் கூட்டாளிங்க ஒரு லாரி நிறைய வந்து லயத்துல இறங்குவாங்க, அம்மா அன்னிக்கு மட்டும் மலாய்க்காரர் கடையில அறுத்த கோழியாப் பாத்து வாங்கி, தனிச் சட்டியில சமைக்கும். அந்தக் காட்சிய என் பிள்ளைங்க பாக்கல, எனக்கு அது பெரிய குறை.

நம்ம வீட்டுலயும் தப்பு இருக்கு, மறைக்க மாட்டேன். "சேந்தாலும் மேல விடமாட்டாங்க"ன்னு பெத்தவங்களே முட்டுக்கட்ட போடுறாங்க. அந்தப் பயம் சும்மா வந்ததில்ல, பதவி உயர்வுல மனசு நொந்து வந்தவங்கள நானே பாத்திருக்கேன், அத மேலிடம் நேர்மையா சரி பண்ணணும். ஆனா தனபாலசிங்கம்னு ஒரு தமிழர் 1967ல, 31 வயசுல, இந்த நாட்டுக் கடற்படைக்கே தலைவரா இருந்தாரே, அத எத்தன வீட்டுல பிள்ளைங்களுக்குச் சொல்றோம்? வெள்ளம் வந்தா லாரியில வந்து நம்மளத் தூக்குறது யாரு? அதுல நம்ம பையன் ஒருத்தன் நின்னு "பாட்டி, கையக் குடுங்க"ன்னா அந்தக் கிழவிக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அந்தப் பையன் இன்னிக்குக் காலைல மெசேஜ் பண்ணான், "அண்ணே, மலாய்ல பாஸ் பண்ணிருக்கேன், போதுமா"ன்னு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்துல லேப்டாப்போட உட்காந்திருப்பேன், மாமாவும் வர்றேன்னு சொல்லிட்டாரு. உங்க வீட்டுலயும் ஆசை உள்ள பிள்ளைங்க இருந்தா, பொண்ணா இருந்தாலும் சரி, ஐசியும் (அடையாள கார்டு) எஸ்.பி.எம். (அஞ்சாம் பாரம்) சர்டிபிகேட்டும் குடுத்து அனுப்புங்க, விண்ணப்பத்த சேர்ந்தே எழுதுவோம்.