1979 இல்லாத அட்டவணை

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அமெரிக்க கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் பழைய பந்தய முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஓட்டிய ஜேனட் கத்ரி என்ற பெண்ணின் பெயருக்குக் கீழே ஒரு சின்ன அட்டவணை. 1976இல் 5 பந்தயங்கள். 1977இல் 19. 1978இல் 7. அதற்கு அடுத்த வரியே 1980, 2 பந்தயங்கள். 1979 கிடையாது. மொத்தம் 33, அதோடு சரி.

இந்த 33ஐ வைத்துக்கொண்டு, "வந்தார், தாக்குப்பிடிக்க முடியவில்லை, போய்விட்டார்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஓட்டத் தெரியாமல் போனவர் இல்லை, ஓட்டக் காசு கிடைக்காமல் போனவர். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

நாஸ்கார் நடத்தும் ஸ்டாக் கார் பந்தயம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பார்த்தால் சாலையில் போகும் செடான் மாதிரி இருக்கும். உள்ளே இரும்புக் கூண்டும் பெரிய வி8 எஞ்சினும். எடை ஒன்றரை டன்னுக்கு மேல். முட்டை வடிவ ஓடுபாதையில் இடதுபக்கமே திரும்பித் திரும்பி மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். 1970களில் இந்த கார்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. வெயில் நாளில் உள்ளே உட்காருவது அடுப்புக்குள் உட்காருவது போலத்தான். இவ்வளவு பெரிய வண்டியை ஒரு பெண் அத்தனை நேரம் ஓட்ட முடியுமா என்பதுதான் அன்றைக்கு அமெரிக்காவின் தெற்குப் பகுதி முழுக்கப் பேச்சு.

கத்ரிக்கு வண்டி புதிது இல்லை. 17 வயதில் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முடித்து, விமானம் தயாரிக்கும் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். ஜாகுவார் ஒன்றை வாங்கி, எஞ்சினைத் தானே பிரித்துக் கோத்து, ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் 13 வருஷம் ஓட்டினார். அப்படி ஓட்டிய பிறகுதான் பெரிய பந்தயங்களுக்கு வந்தார். ஆனால் செய்தித்தாள்களில் அவர் எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவர் போலத்தான் எழுதினார்கள்.

1976 மே மாதம், அமெரிக்காவின் புகழ்பெற்ற இன்னொரு வகை கார் பந்தயமான இண்டியானாபொலிஸ் 500க்குத் தகுதி பெறப் போனார். கிடைத்த கார் வேகம் போதாது. அதே மாதக் கடைசியில் சார்லட் நகரில் வேர்ல்ட் 600 பந்தயம். அங்கே லிண்டா ஃபெர்ரேரி என்ற வங்கி அதிகாரி கார் வாங்கித் தர, கத்ரி அதில் ஏறினார். பெரிய வேகப்பாதையில் நடந்த, நாஸ்காரின் உச்சப் பிரிவான கப் பந்தயத்தில் ஒரு பெண் ஓட்டியது அதுதான் முதல் தடவை. 400 சுற்றுகள், ஏறக்குறைய 965 கிலோமீட்டர். அந்த மாதிரி காரோடு அவருக்கு அதுவரை பழக்கமே இல்லை. 27ஆவது இடத்தில் புறப்பட்டு 15ஆவதாக வந்தார்.

முந்தைய வருஷம், 1975இல், இதே பந்தயத்தில்தான் இன்னொருவரும் முதல்முறையாகக் கப் பந்தயம் ஓட்டினார். அவருக்குக் கிடைத்தது 22ஆவது இடம். பெயர் டேல் எர்ன்ஹார்ட். பின்னாளில் 7 முறை சாம்பியன் ஆனவர். கத்ரியும் எர்ன்ஹார்ட் மாதிரி வந்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் எர்ன்ஹார்ட் அங்கொன்றும் இங்கொன்றுமாக 9 பந்தயம் ஓட்டிய பிறகு, 1979இல் ராட் ஓஸ்டர்லண்ட் என்ற முதலாளி ஒரு முழு சீசனுக்குக் கார் கொடுத்தார். அந்த வருஷம் எர்ன்ஹார்ட்தான் சிறந்த அறிமுக ஓட்டுநர், அடுத்த வருஷமே சாம்பியன். கத்ரியின் அட்டவணையில் இல்லாத வருஷமும் அதே 1979தான்.

சரி, கத்ரி என்ன சாதித்தார்? நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500இல், 1977இல், கடைசிச் சுற்றுகள் வரை 8ஆவது இடத்தில் இருந்தார். எஞ்சினில் இரண்டு சிலிண்டர் போய்விட்டது. அப்படியும் வண்டியை விடாமல் ஓட்டி 12ஆவதாக முடித்தார். அன்று வந்த புது ஓட்டுநர்களில் அவர்தான் முதலிடம். அப்புறம் ஆகஸ்ட்டில் டென்னசி மாநிலத்தில் இருக்கும் பிரிஸ்டல் ஓடுபாதை.

பிரிஸ்டல் பற்றி நான் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர்கூட வராது. வளைவுகள் சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும். முழு வேகத்தில் ஒரு சுற்றுக்கு 20 விநாடிகூட ஆகாது. ஒரு வளைவு முடிந்து ஸ்டீயரிங்கை நேராக்குவதற்குள் அடுத்த வளைவு. கழுத்து வலப்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும். எந்நேரமும் முன்னால் ஒரு பம்பர், பின்னால் ஒரு பம்பர். இப்படி 400 சுற்று. உடம்பில் தெம்பு இல்லாதவர்களை இந்த ஓடுபாதை காட்டிக்கொடுத்துவிடும். அங்கேதான் கத்ரி 6ஆவதாக வந்தார். "பெண்ணால் முடியுமா" என்று கேட்டவர்களுக்கு அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

2014இல் அட்லாண்டாவில் டானிகா பேட்ரிக் என்ற இன்னொரு பெண் ஓட்டுநரும் 6ஆவதாக வந்தார். கப் பந்தயத்தில் அவருக்கு அதுதான் சிறந்த இடம். கத்ரியை அவரால் சமன் செய்யத்தான் முடிந்தது, தாண்ட முடியவில்லை. பேட்ரிக் 191 பந்தயங்களில் 7 முறை முதல் பத்துக்குள் வந்தார். கத்ரி 33 பந்தயங்களில் 5 முறை. காலம் வேறு, போட்டி வேறு, பேட்ரிக்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு இல்லை. பேட்ரிக்குக் கிடைத்த 191 வாய்ப்பைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இந்தப் பந்தயத்தில் காருக்கு முன்னால் காசு ஓட வேண்டும். எஞ்சின், டயர், மெக்கானிக்குகள், ஊர் ஊராகப் போகிற செலவு எல்லாம் விளம்பரதாரர் தலையில். காரின் பக்கவாட்டில் பெயர் எழுத ஆள் இல்லையென்றால் கார் பட்டறையைவிட்டு நகராது. 1977இல் கெல்லி கேர்ள் என்ற விளம்பரதாரரின் பெயரைத் தாங்கிப் பச்சை நிற 68ஆம் எண் கார் ஓடியது, 19 பந்தயம் கிடைத்தது. அந்த ஆதரவு போனதும் எண்ணிக்கை 7 ஆனது, பிறகு பூஜ்யம். அடுத்து வந்த வருஷங்களில் விளம்பரதாரர் தேடி அலைந்ததுதான் அவருக்கு மிச்சம்.

1980 டேடோனா 500இல் மட்டும் அதே ஓஸ்டர்லண்ட் அணியின் இரண்டாவது கார் கிடைத்தது. எர்ன்ஹார்ட் 4ஆவது, கத்ரி 11ஆவது. முந்தைய வருஷம் முழுக்கக் கப் பந்தயத்துக்கே வராமலிருந்த ஒருவருக்கு 11ஆவது இடம்! அதே வருஷம் இன்னும் ஒரே ஒரு பந்தயம். அவ்வளவுதான்.

2024இல் நாஸ்கார் அவருக்கு லேண்ட்மார்க் விருது கொடுத்தது. சந்தோஷம்தான். அவர் படத்தைப் பகிர்கிற நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். "முதல் பெண்" என்று எழுதும்போது, பக்கத்திலேயே "பிரிஸ்டல், 1977, 6ஆவது இடம்" என்பதையும் எழுதுங்கள்.