பூமி உருண்டை என்பது கொலம்பஸுக்கு முன்பே தெரியும்

"இடைக்கால ஐரோப்பாவில் எல்லாரும் பூமி தட்டை என்றே நம்பினார்கள், 1492-இல் கொலம்பஸ்தான் உருண்டை என்று நிரூபித்தார்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

725 வாக்கிலேயே இங்கிலாந்துத் துறவி பீட், பூமி கேடயம் போல வட்டமல்ல, பந்து போன்றது என்று எழுதிவிட்டார். 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ எழுதிய வானியல் நூல் பல்கலைக்கழகங்களில் பாடமாகவே இருந்தது. பாய்மரத்தின் உச்சியில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியும் கரை, கீழே நிற்பவருக்கு ஏன் தெரிவதில்லை என்று அதில் எவ்வளவு அழகாக விளக்கியிருக்கிறார்!

சரி, மேற்கே கப்பலில் போயே ஆசியாவை அடையலாம் என்ற கொலம்பஸை அறிஞர்கள் எதிர்த்தது எதற்கு? தூரத்துக்காக. கேனரி தீவுகளிலிருந்து ஜப்பானுக்கு உள்ள தொலைவை, உண்மையில் இருப்பதில் கால் பங்கு அளவுக்கே அவர் கணக்குப் போட்டிருந்தார். எதிர்த்தவர்கள் சொன்னதுதான் சரி. நடுவில் அமெரிக்கா இருந்ததால் அவர் பிழைத்தார்.

தட்டைக் கதை பரவ, 1828-இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் கற்பனை கலந்து எழுதிய கொலம்பஸ் வரலாறு பெரிய காரணம்.

சரிபார்க்க விரும்பினால், நியூரம்பெர்க்கின் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் மார்ட்டின் பெஹைமின் பூகோள உருண்டை இருக்கிறது. கொலம்பஸ் திரும்பி வருவதற்கு முன்பே செய்தது. அதில் அமெரிக்காவே இல்லை. பீட், சாக்ரோபோஸ்கோ நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் கிடைக்கின்றன.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.