பல் வண்டி வந்த திங்கட்கிழமை

போன திங்கட்கிழமை எனக்கு ஆண்டு 3 கணிதம், பாடம் பின்னம், சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளை, 60 நிமிடம். ஞாயிறு ராத்திரியே நாள் பாடத்திட்டத்தை அழகாகத் தட்டி வைத்துவிட்டேன். பீடிகை 5, விளக்கம் 15, குழு நடவடிக்கை 20, பயிற்சி 15, முடிவு 5. கூட்டிப் பாருங்கள், கச்சிதமாக 60. சபைக்கூடல் இழுத்ததில் முதல் 10 நிமிடம் காலி. வகுப்பில் 'வணக்கம் டீச்சர்' சொல்லி முடிப்பதற்குள் பல் வண்டியில் வந்த பல் மருத்துவக் குழு வாசலில் நிற்கிறது, ஆறு ஆறு பேராக அனுப்ப வேண்டுமாம். 24 பேரில் எந்நேரமும் ஆறு பேர் வெளியே, போய் வந்தவன் வாயில் பஞ்சு. அவனை எழுப்பி நான்கில் ஒன்று பெரியதா எட்டில் ஒன்று பெரியதா என்று கேட்டால் பாவம், என்ன சொல்வான்?

பினாங்கில் பாடம் நடத்தும் யாருக்கும் இது புதுசு இல்லை. தைப்பூச வாரத்தில் பாதி வகுப்பு தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருக்கும். விளையாட்டுப் போட்டிக்கு முன் பயிற்சி என்று பத்துப் பேரைக் கூட்டிப் போவார்கள். மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளியையே மூடினார்கள். அப்புறம் கோவிட், அதைச் சொல்லவே வேண்டாம். இத்தனையும் தெரிந்த நாம்தான் ஒவ்வொரு ஞாயிறும் எதுவுமே நடக்காத ஒரு வகுப்புக்குத் திட்டம் எழுதுகிறோம்.

எழுதுகிறோமா, அதுவும் இல்லை. டெலிகிராமில் யாரோ போட்டதை இறக்கி, தேதியையும் வகுப்பையும் மாற்றுகிறோம். நானும் செய்திருக்கிறேன், பெருமை இல்லை. கடைசியில் சிந்தனை மீட்சியில், அதாவது பாடம் எப்படிப் போனது என்று எழுதும் கட்டத்தில், '22/24 மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர், மற்றவர்களுக்குக் குறைநீக்கல் போதனை வழங்கப்பட்டது'. இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எண்ணினால் வெட்கமாக இருக்கும். சில நாள் பாடம் நடக்கும் முன்பே எழுதியிருக்கிறேன்!

சரி, அன்றைக்கு என்ன செய்தேன். ரொட்டி சானாயை, நம் பரோட்டா மாதிரி வட்ட ரொட்டியை, கையில் எடுத்தேன் (படம்தான், நிஜ ரொட்டி கொண்டுபோனால் வகுப்பு நடக்காது). நாலு பேர் பங்கு போட்டால் துண்டு பெரிசா, எட்டுப் பேர் போட்டால் பெரிசா? பாதிப் பேர் எட்டு என்றார்கள், எட்டு பெரிய எண் அல்லவா. அதை எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பார்க்காதது பின் வரிசையிலிருந்து வந்தது: "டீச்சர், ரொட்டியைப் பிச்சா சமமா வராது. அண்ணன் எப்பவும் பெரிய துண்டை எடுத்துக்குவான்."

பின்னத்தின் உயிரே அதுதான். சம பாகமாக இல்லாவிட்டால் நான்கில் ஒன்று என்று சொல்லவே முடியாது. என் திட்டத்தில் அது விளக்கத்துக்குள் ஒரு வரியாகக் கிடந்தது. குழு நடவடிக்கையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, கடைசிப் பயிற்சிக்கு வைத்திருந்த வட்டக் காகிதங்களை அப்போதே கொடுத்தேன். மடி, மறுபடி மடி, இன்னொரு தடவை மடி, விரித்துப் பாகங்களை எண்ணு. பல் வண்டிக்குப் போய் வந்தவனுக்கும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாலே போதும், நான் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை, வாயில் பஞ்சோடும் மடிக்கலாம். எட்டில் ஒன்று எவ்வளவு குட்டி என்பதை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

வளைகிற திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். திட்டமே இல்லாமல் போய் நிற்பதை அல்ல. காகிதம் வெட்டி வைத்திருக்காவிட்டால் அன்றைக்கு நான் தொலைந்தேன். இப்போதெல்லாம் கற்றல் தரத்தையும் (பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும் என்று கலைத்திட்டம் சொல்வது) நோக்கத்தையும் தொடுவதில்லை, அது ஒற்றை வரி, அசையாது. கீழே இருக்கும் நடவடிக்கைகளில் எதை விட்டாலும் நோக்கம் கெடாதோ அதில் முந்தைய நாளே ஒரு குறி போட்டுவிடுகிறேன். நேரம் போனால் எதை வெட்டுவது என்று வகுப்பில் நின்று யோசிக்க முடியாது, 24 ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். கூடவே, நான் வாயே திறக்காமல் பிள்ளைகள் செய்யக்கூடிய பத்து நிமிட வேலை ஒன்று கைப்பையில் எப்போதும் இருக்கும். சீக்கிரம் முடிக்கும் நாலு பேருக்கும் அதுதான் கை கொடுக்கிறது.

மூத்த ஆசிரியர் ஒருவர் திட்டினார்: "நீ லீவு போட்டா பதிலிக்கு வர்றவங்க உன் கிறுக்கலை வெச்சு என்னம்மா செய்வாங்க?" நியாயம்தான். ஒரு தடவை அப்படி ஆகி, உள்ளே போன தோழி வண்ணம் தீட்டக் கொடுத்துவிட்டு வந்தார். அதிலிருந்து குறிகளைப் பென்சிலில் போடாமல் வார்த்தையாகவே தட்டிவிடுகிறேன்: 'நேரம் குறைந்தால் இதை விடவும்.'

ஆனால் மேற்பார்வைக்கு வருகிறவர்கள் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆறாம் ஆண்டில் எழுதும் பொதுத் தேர்வான யூபிஎஸ்ஆரை 2021இல் எடுத்தாயிற்று. இப்போது வகுப்புசார் மதிப்பீடு, அடைவுநிலை 1 முதல் 6 வரை, வகுப்பில் கண்ணால் பார்த்துப் போட வேண்டியது. அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் திட்டத்தில் கொஞ்சம் இடைவெளி வேண்டாமா? நிமிடக் கணக்கில் ஓடுகிறவளுக்கு அந்த அண்ணன் தம்பி ரொட்டிச் சண்டை காதில் விழுமா?

அன்றைய சிந்தனை மீட்சியில் எழுதினேன்: '15 பேர் மடித்து, பெயர் சொல்லி, ஒப்பிட்டனர். 6 பேர் மடித்தனர், ஒப்பிடத் தடுமாறினர். 3 பேர் பல் சிகிச்சையால் பாடத்தில் கலந்துகொள்ளவில்லை.' இதுவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வியாழக்கிழமை பல் வண்டி மறுபடியும் வருகிறதாம், இன்னும் ஏழு வட்டம் வெட்ட வேண்டும்.